‘பாதகம் இல்லை’ என்று ஒன்பது முறை எழுதிய படிவம்

கஜா புயல் கரையைக் கடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்த 2019 ஜூன் மாதத்தில், திருத்துறைப்பூண்டியில் எங்கள் அறக்கட்டளையின் வாடகை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு படிவத்தை ஒரே மாலையில் நிரப்பி முடித்தேன். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘சமத்துவத் தாக்க மதிப்பீடு’ என்று வரும். இடப்பக்கம் வயது, மாற்றுத்திறன், பாலினம், மதம் என்று ஒன்பது வரிசைகள். வலப்பக்கம் இத்திட்டத்தால் அந்தந்தப் பிரிவினருக்கு விளையக்கூடிய சாதகம், பாதகம் என்று இரண்டு கட்டங்கள். சாதகக் கட்டத்தில் வரிசைக்கு இரண்டு வாக்கியம் எழுதினேன். பாதகக் கட்டத்தில் ஒன்பது முறையும் ‘இல்லை’ என்று எழுதினேன். எண்பது ஏழைப் பெண்களுக்கு ஆடு வாங்கிக் கொடுப்பதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்பதே அன்றைய என் எண்ணம். அந்த ‘இல்லை’களில் சில பொய் என்பது அடுத்த தைப்பொங்கல் கழிந்ததும் தெரிந்துபோயிற்று.

எங்களுக்குப் பணம் அனுப்பியது இங்கிலாந்தின் வடபகுதியில் இயங்கும் மிகச் சிறிய தொண்டு அமைப்பு. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களுமாகச் சில அறங்காவலர்கள் வார இறுதிகளில் தேநீர் விருந்தும் பழைய புத்தக விற்பனையும் நடத்திச் சேர்க்கும் பணம்தான் முதல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவர்களில் இருவர் நாகப்பட்டினம் வந்து சில வாரங்கள் தங்கியதில் தொடங்கிய உறவு இது. சிறு அமைப்புகளின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் ஊர் தேடி வருகிறது: யாருக்கோ யாரையோ தெரிந்திருக்கிறது. அறிமுகம் உள்ள ஊருக்குப் பணம் போகும். அறிமுகம் இல்லாத ஊரின் தேவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது யார் கண்ணிலும் படாது. சுனாமிக்குப் பின் கடற்கரையோரம் வந்து இறங்கிய உதவியில் சிறு பங்குகூட, அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே உப்பேறிய வயல்களில் கூலி வேலையை இழந்து நின்ற குடும்பங்களுக்குப் போகவில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். முதல் ஏற்றத்தாழ்வு படிவம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

எங்களுக்கு வந்த பணத்தில் பிரிட்டிஷ் அரசின் காசு ஒரு பென்னிகூட இல்லை. ஆனால் அதே அமைப்பு ஆப்பிரிக்க நாடொன்றில் நடத்திவந்த பள்ளித் திட்டத்துக்காக, பிரிட்டிஷ் அரசு 2017இல் தொடங்கிய ‘சிறு தொண்டு நிறுவனங்களுக்கான சவால் நிதி’க்கு விண்ணப்பித்திருந்தது. ஆண்டு வருமானம் 2,50,000 பவுண்டுக்குக் குறைவாக உள்ள அமைப்புகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட நிதி அது. ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 50,000 பவுண்டு தந்தார்கள். அரசின் பணத்தைக் கேட்கப் போனால் அரசுக்கு இருக்கும் கடமைகளும் கேள்விகளாக உருமாறிப் பின்னாலேயே வரும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, அரசுத் துறைகளும் பொது அமைப்புகளும் தம் வேலையில் மூன்று விஷயங்களுக்கு உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது: பாகுபாட்டை ஒழித்தல், வாய்ப்புச் சமத்துவத்தை முன்னெடுத்தல், வெவ்வேறு பிரிவினரிடையே நல்லுறவை வளர்த்தல். தேநீர் விருந்து நடத்தும் அறங்காவலர்களை அந்தச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு திட்டத்துக்கு இவ்வளவு யோசித்துவிட்டு மற்றதற்கு யோசிக்காமல் விடுவது சரியாகாது என்று அவர்களே முடிவுசெய்து, தங்களுக்கென ஒரு படிவம் தயாரித்து எங்களுக்கும் அனுப்பினார்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பியதை நான் அவசரத்தோடு நிரப்பினேன்.

மூன்று கடமைகளில் மூன்றாவதை, அதாவது நல்லுறவு என்பதை, நான் அலங்காரச் சொல்லாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போனேன். எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அது மரத்தின் சொந்தக்காரருக்கு உரியது. தேங்காய் பறித்தும், மட்டை உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்தவர்களுக்கு மரமும் இல்லை, நிவாரணமும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு வெள்ளாடு என்பது எங்கள் திட்டம். நான்கு என்ற கணக்கு தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. அரசு செய்து பார்த்த ஒன்றில் தவறு இருக்காது என்ற துணிச்சலும் அதில் சேர்ந்திருந்தது. பயனாளியாக மூன்று நிபந்தனைகள் வைத்தோம்: கொட்டகை போடச் சொந்த மனை, பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆட்டு விலையில் பத்து சதவீதம் பங்குத்தொகை. மூன்றுமே நியாயமானவை என்று எந்தத் திட்ட அலுவலரும் சொல்வார், நானும் சொன்னேன்.

சொந்த மனை என்ற ஒரே வரியில் வாய்க்கால் கரையில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் விழுந்துபோனார்கள். குடியிருப்பு உரிமையை வழங்கும் சட்டம் 1971லேயே வந்திருந்தும், கோயில் நிலத்திலும் நீர்நிலைப் புறம்போக்கிலும் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் கையில் இன்றைக்கும் ஒரு தாள் கிடையாது. அந்தக் கரைகளில் இருப்பவர்கள் யார் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவாரூர் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தலித். மாநில அளவில் ஐந்தில் ஒருவர்தான். வெண்மணி நடந்த மண் இது. தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2019இல் எங்கள் பயனாளிப் பட்டியலில் முகவரி என்ற இடத்தில் அந்தச் சொல்தான் இருந்தது, அதுவும் நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த தடவையே இருந்தது. எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன்.

கூட்டம் போட்ட இடமும் அப்படியே. தலித் அல்லாதவர்கள் வாழும் ஊர்த்தெருவில் அம்மன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் காலை 11 மணிக்கு என்று அறிவித்தோம். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, வாடகை இல்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வேப்பமரத்தடியில். வெயில் பொறுக்காமல் நிற்கிறார்களே, உள்ளே வரச் சொல்லுங்கள் என்று நான் களப்பணியாளரிடம் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. ஒரு அக்கா மட்டும் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, “ஏம்மா, அடுத்த தடவ எங்க தெருவுக்கு வாங்களேன், நீங்க எங்க வேணும்னாலும் உக்காரலாம்ல” என்றார். அதை விருந்தோம்பல் என்று புரிந்துகொண்டு சிரித்துவிட்டு வந்தேன்.

ஆடுகள் அக்டோபரில் வந்தன. பணம் வருவதற்கு அவ்வளவு நாள் ஆயிற்று. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தது. கடைமடையான எங்கள் பக்கம் சம்பா விதைப்பு தள்ளிப்போய், அக்டோபரில் எங்கு திரும்பினாலும் இளம்பயிர். டெல்டாவில் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: சம்பா அறுவடை தையில் முடிந்தாலும் அதற்கு முன்பே ஈரவயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அது சித்திரையில் கைக்கு வரும்; ஆக, கால்நடை அவிழ்த்துவிடக் கூடிய திறந்த வயல் கோடையில் சில மாதங்கள் மட்டுமே. கீதாரிகள் எனப்படும் ராமநாதபுரத்து மந்தை மேய்ப்பவர்கள் வயலுக்கு எருவாகக் கிடை போடத் தங்கள் ஆடுகளை ஓட்டி வருவதும் அந்தச் சமயத்தில்தான். மீதி மாதங்களில் ஆடு கட்டுத்தறியில் நிற்க வேண்டும், அல்லது வரப்பில் கயிற்றோடு மேய வேண்டும். வரப்பு நிலம் வைத்திருப்பவருடையது. நிலம் இல்லாத பெண்ணுக்கு நான்கு ஆடு கொடுப்பது என்றால், அவளை நாளும் இன்னொருவர் வரப்பில் அனுமதிக்காக நிற்க வைப்பது என்று பொருள்.

கார்த்திகையில் ஒரு மழை நாளில் ஒரு பெண்ணின் இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு பயிரில் இறங்கின. ஆட்டைப் பிடித்துக் கட்டிப் போட்டார்கள். அந்தப் பெண் போய் நின்றாள், மன்னிப்புக் கேட்டாள், தண்டம் என்று ஒரு தொகை சொன்னார்கள், ஓர் ஆட்டை விற்றுக் கட்டினாள். அதோடு முடியவில்லை, அவள் கணவனுக்கு அந்த அறுவடையில் அந்த வயல்களில் வேலை இல்லை. இவ்வளவும் நடந்து எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் மாத அறிக்கையில் ‘ஆடுகள் இறப்பு: இரண்டு, விற்பனை: ஒன்று’ என்று மட்டும் இருந்தது. பொங்கல் கழித்துச் சென்றபோது, முன்பு என்னைத் தங்கள் தெருவுக்கு அழைத்த அதே அக்காதான் சொன்னார்: “ஆடு குடுத்தீங்க சரி. மேய எடம் குடுத்தீங்களா?”

அன்றிரவு பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் சாதி என்றொரு வரிசையே இல்லை. பிரிட்டிஷ் சட்டம் காக்கும் ஒன்பது பண்புகள்: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணமும் குடிமை இணைவும், கருவுறுதலும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலீர்ப்பு. சாதியை இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்க அந்தச் சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றம் அதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று திருத்தியது. 2018 ஜூலையில் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதிய பாதுகாப்புத் தரும் என்று சொல்லி அந்த யோசனையைக் கைவிட்டது. இந்த வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. படிவத்தில் கேட்கவில்லை, ஆகவே நான் எழுதவில்லை, அவ்வளவே. நான் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அறங்காவலர்களில் மூத்தவரான ஓர் ஆசிரியை, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காமல், இந்தப் பகுதியில் மனிதர்களைப் பிரிக்கும் கோடுகள் எவையோ அவற்றை நீங்களே எழுதி, எங்கள் ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள் என்று பதில் எழுதினார். நான் நான்கு சேர்த்தேன்: சாதி, நிலம் உண்டா இல்லையா, குடியிருக்கும் மனைக்குத் தாள் உண்டா, வீட்டில் ஆண் துணை உண்டா.

கடைசியாகச் சொன்னது சுனாமிக் காலப் பாடம். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் வரிக் கணக்கு தலைக்கட்டின்படி நடக்கும். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. நிவாரணப் பொருள் அந்தக் கணக்கைப் பிடித்துப் பங்கிடப்பட்ட இடங்களில் கணவனை இழந்த பெண்ணின் வீடு பட்டியலுக்குள் வரவே இல்லை. யாரும் அவளை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. வெகுகாலமாக இருந்த ஒரு கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அரசு பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதியது அதற்கு ஒரு நல்ல எதிர்வினை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான், மற்றவை எல்லாம் அதன் கிளைகள். யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை ஆராய்ந்தால் சமத்துவம் தெரியாது. எங்கள் பட்டியலில் நூற்றுக்கு நூறு பெண்கள். அதைப் பார்த்து எவரும் கைதட்டுவார். பணத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனை, தேதி, இடம், மொழி, ரசீது ஆகியவற்றைத்தான் ஆராய வேண்டும். வடிகட்டி அங்கே இருக்கிறது.

எண்ணுவதில் செய்த பிழைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் கணக்கெடுத்தவர்கள் வீட்டு வாசலில் நின்று, “வீட்டில் மாற்றுத்திறனாளி யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார்கள். எண்பது வீட்டில் மூன்று பேர் கிடைத்தார்கள், மூவரும் அடையாள அட்டை வைத்திருந்தவர்கள். இரண்டாம் சுற்றில் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் உருவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டோம். ஊனம், குறைபாடு என்ற சொல்லே அதில் வராது. கண்ணாடி போட்டாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில், நடப்பதில் அல்லது படியேறுவதில், நினைவு வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுத்துவது போன்றவற்றில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொருவருக்கும் கேட்டு, இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஏதேனும் ஒன்றில் ‘அதிகம்’ அல்லது ‘முடியாது’ வந்தால் கணக்கில் சேரும். அதே எண்பது வீடுகளில் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. காலம் முழுவதும் குனிந்து நாற்று நட்டு முட்டி தேய்ந்த பெண்கள்தான் அதிகம். அவர்கள் தங்களை ஒருபோதும் அந்தச் சொல்லால் அழைத்துக்கொண்டதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 1.6 சதவீதம் என்று வந்ததும், உலக சுகாதார நிறுவனம் 2022இல் உலக மக்களில் 16 சதவீதம் என்று சொன்னதும் ஏன் இவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதற்கு எங்கள் எண்பது வீட்டுத் திண்ணைகள் கொஞ்சம் விளக்கம் சொல்லின. ஆட்டுக்குத் தழை ஒடிக்க நடக்க முடியாதவர்களுக்கு ஆடு கொடுத்திருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

சாதியை எண்ணும்போது சான்றிதழைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இப்படியொரு காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரான தலித் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். அதே தெரு, அதே கூலி, அதே வேப்பமரத்தடி. தாளில் மட்டும் வேறு பிரிவு. சான்றிதழை வைத்து எண்ணிய எங்கள் அட்டவணையில் அவர்கள் ஊர்த்தெருக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், நிஜத்தில் நடக்காத ஒன்று. நாகப்பட்டினம் பக்கம் பூம்பூம் மாட்டுக்காரர் என்று சொல்லப்படும் ஆதியன் குடும்பங்களுக்கோ பழங்குடிச் சான்றிதழ் பெறுவதே தனிப் போராட்டம். தாள் கிடைக்காதவர்களை அளக்கப் போய்த் தாளைக் கேட்பதை என்னவென்று சொல்வது?

மாதமும் கணக்கை மாற்றும். வைகாசியில் கணக்கெடுத்தால் இளவட்டங்கள் திருப்பூரிலும் கேரளத்திலும் இருப்பார்கள், முதியவர்கள் மட்டும் வீட்டில் இருப்பார்கள். நடவு நாளில் பகலில் போனால் ஆண்கள் மட்டும் பதில் சொல்வார்கள். நூறு நாள் வேலை நடக்கும் நாளில் கூட்டம் வைத்தால் வருகிற பெண் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறாள். இப்போது நாங்கள் மாலை ஏழு மணிக்கு, தெருவிளக்கின் கீழ், அந்தந்தத் தெருவிலேயே கூடுகிறோம்.

பெண்களின் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பெண்களுக்குச் சாதகம்’ என்று நான் எழுதிய கட்டத்தில் வருமானம் இருந்தது, உழைப்பு இல்லை. தழை ஒடிப்பது, தண்ணீர் காட்டுவது, கொட்டகை கூட்டுவது என்று விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும் சேர்ந்த வேலை யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. இயந்திர அறுவடை வந்தபின் வைக்கோலும் உருளைக் கட்டாகி விலைக்குப் போகிறது. முன்போல் அறுத்தவர் கையோடு ஒரு கட்டு கொண்டுவர முடியாது. ஒரு வீட்டில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை வாரம் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் ஆட்டோடு நின்றாள். வயது என்ற வரிசையில் எதிர்மறை இல்லை என்று எழுதியவளும் நானே.

இனி, எங்கள் கையை மீறிய ஒரு வடிகட்டி. வெளிநாட்டுப் பணம் பெற, எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும், அதற்கு மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வந்த பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக் கூடாது. பணம் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை என்றிருந்தது 20 ஆயிற்று. முன்பு எங்கள் வழியாகச் சிறு தொகை பெற்றுத் தங்கள் விருப்பப்படி செலவிட்ட, தலித் பெண்களே நடத்தும் இரண்டு சங்கங்கள் அதோடு நின்றுபோயின. அவர்களுக்கு இனி நாங்கள் ‘செய்துகொடுக்க’ மட்டுமே முடியும். அவர்கள் கையில் முடிவு இல்லை. இங்கிலாந்தில் சிறு அமைப்புகளுக்கென்று தனி நிதி ஒதுக்க ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். இங்கே சிறு அமைப்புகள் எட்ட முடியாத ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. சமத்துவத்தை மதிப்பிடும் எவரும் இரு முனைகளிலும் உள்ள இந்த வரம்புகளை ஒருசேரப் பார்க்க வேண்டும். இதை நாங்கள் எங்கள் படிவத்தில் எழுதினோம். மாற்ற வழியில்லை என்றும் எழுதினோம். அறங்காவலர்கள் அதற்காக எங்களைக் குறை சொல்லவில்லை.

இரண்டாம் திட்டத்தில் வரிசையை மாற்றினோம். முன்பு திட்டம் எழுதி, பட்ஜெட் முடிந்து, கடைசி நாளில் இந்தப் படிவம். இப்போது பட்ஜெட்டுக்கு முன்பே இது. இங்கிலாந்து நீதிமன்றங்களும் இதையே வலியுறுத்தியிருக்கின்றன: முடிவெடுத்த பிறகு நியாயப்படுத்த எழுதும் மதிப்பீடு செல்லாது. கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்கள் சுயமாக வாழ உதவிவந்த ஒரு தேசிய நிதியை மூடும் முடிவை 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கடமையின் பெயரால் ரத்து செய்தது. அதன் பின்கதையையும் மறைக்கக் கூடாது: அரசு மறுமுறை முறைப்படி பரிசீலித்து அதே முடிவை எடுத்து, 2015இல் மூடிவிட்டது. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட, வெளியுறவுத் துறையின் சொந்த மதிப்பீடும் அப்படித்தான். உதவி வெட்டினால் பெண்களும் சிறுமிகளும் மாற்றுத்திறனாளிகளும் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று அதிகாரிகள் தெளிவாக எழுதியிருந்தார்கள். தெரிந்தே வெட்டினார்கள். மதிப்பீடு கெடுதலைத் தடுத்துவிடும் என்ற மயக்கம் எனக்கு இல்லை. தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அது அடைக்கிறது, அவ்வளவு.

எங்கள் அளவுக்கு அது இரண்டு பக்கம் போதும். எழுபது பக்கம் கேட்கும் நிதியாளரை நான் நம்புவதில்லை. அதை எழுத ஆலோசகர் வைக்க வசதியுள்ள அமைப்புதான் பணம் பெறும், அதுவும் ஒரு சமத்துவத் தாக்கமே. ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்து, இதனால் முதலில் விழப்போவது யார் என்று ஒரு வரி எழுதுகிறோம். சொந்த மனைக்குப் பதில் குடும்ப அட்டையும் பக்கத்து இரண்டு வீட்டாரின் சாட்சியமும் என்று மாற்றினோம். பங்குத்தொகையை எடுத்துவிட்டோம், அதனால் பொறுப்புணர்ச்சி போய்விடும் என்று எங்கள் குழுவிலேயே இருவர் வாதாடினார்கள், போகவில்லை. ஆட்டோ வாடகை, கூட்டத்துக்கு வருபவர் இழக்கும் கூலி, குழந்தை பார்ப்பவருக்கான ஊதியம் ஆகியவற்றுக்குப் பட்ஜெட்டில் தனி வரி போட்டோம். ஆட்டை மட்டும் என்று வற்புறுத்தாமல் கீற்று, தையல், பெட்டிக்கடை, கொட்டகையில் அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழி என்று அவரவர் தேர்ந்துகொள்ள விட்டோம். வரப்பில் மேய்க்கும் அனுமதி பற்றி நிலக்காரர்களோடு பேச முயன்றதில் ஓர் ஊரில் வழி பிறந்தது, இரண்டு ஊரில் பேச்சே தொடங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இத்தனையும் எண்ணத் தொடங்கியதும் பட்டியலே ஆபத்தாகலாம். ஒரு முறை மாதிரிப் படிவத்தில் பெயர், சாதி, மதம், பாலின அடையாளம் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. அது அலுவலக மேசையில் ஒரு பகல் முழுவதும் திறந்து கிடந்தது. சிற்றூரில் ‘திருநங்கை: ஒருவர்’ என்று அறிக்கையில் அச்சிட்டால் அது பெயரை அச்சிட்டதற்குச் சமம். ஐந்துக்குக் குறைந்த எண்ணை இப்போது நாங்கள் வெளியே தருவதில்லை. பெயரும் விவரமும் வெவ்வேறு நோட்டில், வெவ்வேறு அலமாரியில் இருக்கின்றன. சொல்ல விருப்பமில்லை என்பதையும் ஒரு பதிலாக ஏற்கிறோம்.

இந்த ஆண்டுப் படிவத்தைப் போன மாதம் அந்த அக்காவின் தெருவில் வைத்துத் தமிழில் உரக்கப் படித்தோம். பாதகக் கட்டத்தில் பதினோரு வரிகள் இருந்தன. படித்து முடித்ததும் அவர், ஏழாவது வரியில் சொன்ன வாய்க்கால் கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, அதை எழுதவில்லையே என்றார். பன்னிரண்டாவது வரியாக எழுதி, மறுநாள் காலையில் அனுப்பினேன்.